காடு பற்றிய காணியும் காடாக வேண்டிய காணியும்

யாழ்ப்பாணத்தில் ஒரு காணியைச் சுட்டி "அது காடு பத்திப் போச்சு" என்று ஒருவர் சொன்னால், அந்தக் காணிக்கு உரியவர்கள் அங்கே இல்லை என்று கேட்பவருக்கு உடனே விளங்கும். இடம்பெயர்ந்திருப்பார்கள், வெளிநாடு போயிருப்பார்கள், அல்லது பங்குப் பிரிவினை வழக்கில் காணி கிடக்கும். எங்கள் பேச்சு வழக்கில் காடு என்ற சொல் இழப்பின் அடையாளமாகவே இத்தனை ஆண்டுகள் புழங்கி வந்திருக்கிறது. காடு வளர்ப்பைப் பற்றி வடக்கில் பேச வரும் எந்த அரசியல் தலைவரும் இந்தச் சொல்லின் பாரத்தை முதலில் உணர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த எங்கள் குறிச்சி கால் நூற்றாண்டுக்குப் பிறகு விடுவிக்கப்பட்டபோது, அப்பாவோடு போய்ப் பார்த்தேன். ஒழுங்கை இருந்த இடமே தெரியவில்லை. ஈச்சம் பற்றைகளையும் நாயுண்ணிச் செடிகளையும் வெட்டி வழி எடுத்துக்கொண்டு போனோம். கிணற்றுக் கட்டைக் கண்ட பிறகுதான் எங்கள் வளவுக்குள் நிற்கிறோம் என்று அப்பாவுக்குத் தெரிந்தது. வீட்டுக்குக் கூரை இல்லை, நிலைகள் இல்லை, யன்னல்கள் இல்லை. நான் சிறுவனாகப் பாய் விரித்துப் படுத்த நடு அறையில், சீமெந்து நிலத்தைப் பிளந்துகொண்டு ஒரு வேம்பு நின்றது. அதன் அடிமரத்தை அப்பாவின் இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. சுவரின் மேல் விளிம்புக்கு வெளியே அதன் கொப்புகள் படர்ந்து, கூரை இல்லாத வீட்டுக்கு அதுவே நிழலாக இருந்தது. அப்பா நெடுநேரம் அதன் பட்டையில் கை வைத்தபடி நின்றார். பிறகு, "இதைத் தறிக்காமல் நாங்கள் வீட்டுக்குள்ளை வரேலாது" என்றார். தறிப்பதற்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த வேம்பில் அறுத்த பலகைதான் இன்று எங்கள் வீட்டின் முன்கதவு.

அந்த ஆண்டுகளில் மீள்குடியேறிய ஒவ்வொரு குடும்பமும் இப்படி ஒரு மரத்தையாவது தறித்துத்தான் தன் வாழ்வைத் திரும்பத் தொடங்கியது. எவரும் நடாமலும் எவரும் தண்ணீர் ஊற்றாமலும் இருபத்தைந்து ஆண்டுகளில் அங்கே வளர்ந்திருந்தது தாவரவியல் கண்ணுக்கு ஓர் இயற்கை மீளுருவாக்கம். எங்களுக்கு அது நாங்கள் இல்லாமற்போன காலத்தின் அளவுகோல். இரண்டும் உண்மை. வெளியிலிருந்து வருபவர்களுக்கு முதலாவது மட்டும் தெரிகிறது.

ஆனால் எங்கள் மக்கள் மரத்துக்கு எதிரானவர்கள் என்று யாரேனும் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். யாழ்ப்பாணத்து வளவொன்றுக்குள் போய்ப் பாருங்கள்: மா, பலா, முருங்கை, தேசி, கறிவேம்பு, மூலையில் ஒரு வேம்பு, எல்லையில் பூவரசங் கதியாலும் கிளுவங் கதியாலும், வெளியே பனங்கூடல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே இல்லாத, சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண் போர்த்திய ஒரு குடாநாட்டில், மழையில் ஊறும் கிணற்றுநீரைக் கொண்டு இத்தனை மரங்களை மனிதக் கையால் வளர்த்தவர்கள் எங்கள் முன்னோர். கோயில்களில் தலவிருட்சத்தின் கொப்பை ஒடிக்க இன்றும் எவரும் துணிவதில்லை. மரத்தின் மீது இவ்வளவு பற்று உள்ள மக்களிடம் காடு என்று சொன்னவுடன் முகம் மாறுவதற்கு வேறு காரணம் உண்டு. மரம் வளர்ந்தால் நிழல் வரும், காடு வளர்ந்தால் எல்லைக்கல் வரும் என்று அவர்கள் பட்டறிந்திருக்கிறார்கள்.

வன்னியில் நடந்தது இதுதான். முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகியவை நாட்டிலேயே காடு செறிந்த மாவட்டங்கள். போர்க்காலத்தில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த மக்களின் வயல்களும் மேட்டுநிலங்களும் பராமரிப்பின்றிப் பற்றைக் காடாகின. அந்தக் காலத்திலும் அதற்கு அடுத்து வந்த ஆண்டுகளிலும் பெரும் பரப்புகள் அரசு பாதுகாக்கும் ஒதுக்கக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. திரும்பி வந்த விவசாயி தன் வயலைத் துப்புரவாக்கத் தொடங்கியபோது, அது வனமென்றும் அதற்குள் நுழைவது குற்றமென்றும் சொல்லப்பட்டது. 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் அந்தக் குற்றத்துக்கு அடிப்படை. காலனித்துவ காலத்தில் மரவளத்தை அரசின் சொத்தாகக் காப்பதற்கு இயற்றப்பட்ட அந்தச் சட்டம் பலமுறை திருத்தப்பட்ட போதிலும், காட்டுக்கும் அதன் ஓரத்தில் வாழும் குடும்பத்துக்கும் இடையிலான உறவை அது காவல்காரனுக்கும் திருடனுக்கும் இடையிலான உறவாகவே இன்றும் நடத்துகிறது என்பது என் எண்ணம். வன்னியில் எனக்கு உறவினர் உண்டு. அவர்களுடைய தகப்பனார் வெட்டிய கிணறு எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தக் குடும்பத்திடம் போய்க் காடு வளர்ப்போம் வாருங்கள் என்று நான் எந்த முகத்தோடு கேட்பது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேராத 'ஏனைய அரச காடுகளை' வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்த 2001 ஆம் ஆண்டின் சுற்றறிக்கையை 2020 இல் அப்போதைய அரசாங்கம் நீக்கி, அந்த நிலங்களைப் பிரதேச, மாவட்டச் செயலகங்களின் நிர்வாகத்துக்கு மாற்றியது. காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைப் பயிர்ச்செய்கைக்கு நிலம் இல்லாத ஏழைகளின் பெயரால் அது செய்யப்பட்டது. பணபலம் உள்ளவர்களுக்கே அது வழி திறந்துவிடும் என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றமும் சென்றார்கள். ஒருமுறை காட்டின் பெயரால் மக்களின் காணி போனது. மறுமுறை மக்களின் பெயரால் காட்டுக்குக் கதவு திறந்தது. இரண்டு முறையும் முடிவு கொழும்பில் ஒரு மேசையில் எழுதப்பட்டது. அந்த நிலத்தின் ஓரத்தில் வாழும் ஒருவரையும் கிராம அலுவலர் பணிமனைக்கு அழைத்து, வரைபடத்தை விரித்துவைத்து, உன் வயல் எது, உன் பாட்டன் மாடு மேய்த்த தரவை எது, காடாகவே இருந்த காடு எது என்று கேட்கவில்லை.

அரசியல் தலைமை என்று நான் கேட்பது அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவைத்தான். 1956 ஆம் ஆண்டில் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 வீதமாக இருந்த காடு இன்று 30 வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2030 ஆம் ஆண்டுக்குள் அதை 32 வீதமாக்குவோம் என்று அரசு உலகுக்கு உறுதி கொடுத்திருக்கிறது. அந்த இரண்டு, மூன்று வீதத்துக்கான நிலம் எங்கிருந்து வரும் என்று வடக்கில் யாரும் பேசுவதில்லை. பேசாதவரை, ஒவ்வொரு கிராமத்தவரும் அது தன் காணியிலிருந்துதான் வரும் என்று அஞ்சுவார்.

இந்த அச்சத்தை நீக்கிக் காட்டிய நாடு எங்களுக்குத் தொலைவில் இல்லை. நேபாளத்தில் காடுகளை அரசுடைமையாக்கிக் காவல் வைத்த காலத்தில் மலைச்சரிவுகள் மொட்டையாகின. 1993 ஆம் ஆண்டின் வனச் சட்டம் அந்தச் சரிவுகளை அடிவாரத்துக் கிராமத்தின் பயனாளர் குழுக்களிடம் ஒப்படைத்தது. விறகு எவ்வளவு எடுப்பது, எந்த மாதத்தில் புல் அறுப்பது, எந்தப் பகுதியை எத்தனை ஆண்டு மூடிவைப்பது என்பதை அந்தக் குழுவே தீர்மானிக்கும், வருமானமும் கிராமத்துக்கே. இன்று அங்கே இப்படியான குழுக்கள் 22,000க்கும் மேல். செய்மதிப் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று, 1992 இல் நாட்டின் பரப்பில் 26 வீதமாக இருந்த காடு 2016 இல் 45 வீதமாகியிருப்பதைக் காட்டியது. கிராமங்களைவிட்டு இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனதால் உழப்படாமல் கிடந்த நிலமும் இதற்கு ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். எங்கள் ஊர்களிலும் அப்படித்தான். ஆனாலும் உரிமை கையில் இருந்ததால்தான் அங்கே வளர்ந்து வந்த மரத்தை யாரும் பகையாகப் பார்க்கவில்லை.

போருக்குப் பிந்திய நாடு என்ற வகையில் தென்கொரியாவை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. காலனி ஆட்சியும் கொரியப் போரும் முடிந்தபோது அந்த நாட்டின் மலைகள் செம்மண் மேடுகளாக இருந்தன. மழை பெய்தால் மண் வயலுக்குள் இறங்கியது. சனாதிபதி பாக் சுங் ஹீ 1973 இல் பத்தாண்டு மரநடுகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். பத்து இலட்சம் ஹெக்டெயர் என்ற இலக்கை நான்கு ஆண்டுகள் முந்தியே எட்டிவிட்டார்கள். இன்று அந்த நாட்டின் பரப்பில் 60 வீதத்துக்கும் மேல் காடு. தலைவர் உத்தரவிட்டார், மக்கள் நட்டார்கள் என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வது தவறு. கிராமத்து அடுப்பு எதில் எரியும் என்ற கேள்விக்கு அவர்கள் முதலில் விடை கண்டார்கள். நகரங்களில் விறகுக்குப் பதிலாக நிலக்கரிக் கட்டிகள் வந்தன. கிராமங்களில் விறகுக்கென்றே தனித் தோப்புகள் வளர்த்தார்கள். நாற்றுகளைக் கிராமத்தவர்களே வளர்த்து விற்றார்கள். அதே சமயம் அது ஓர் எதேச்சாதிகார ஆட்சி. மலைகளில் எரித்துப் பயிரிட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் கட்டாயமாக இறக்கப்பட்டன. அந்தப் பகுதியை நாங்கள் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. கட்டாயமாக இறக்கப்படுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

அடுப்பைப் பற்றிச் சொன்னதும் 2022 ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய அந்த மாதங்களில் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் மீண்டும் விறகடுப்பு எரிந்தது. பத்து ஆண்டுகளாக யாரும் தொடாத பூவரச வேலிகள் சில வாரங்களில் மொட்டையாகின. வேலியோரத்துக் கிளுவையையும் உடைத்தார்கள். கடனீரேரிக் கரையில், உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்ணா மரத்தின் கொப்புகளைக் கட்டாகக் கட்டிச் சைக்கிளில் கொண்டுபோனவர்களைப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் எனக்குக் கற்பித்த ஆசிரியரின் மகன். அவரைக் கூப்பிட்டு நான் என்ன சொல்லியிருக்க முடியும்? நாட்டின் பொருளாதாரத்தை நடத்தியவர்களின் முடிவுகள், பசித்த வீட்டின் கத்தியாகக் கரையோர மரத்தில் விழுந்தன. வனக் கொள்கை என்பது வனத்துறை அமைச்சரிடம் மட்டும் இருக்கும் ஒன்று என்று நினைப்பவர்கள் அந்தச் சைக்கிளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு கார்த்திகையில்தான் எங்கள் ஊர்க் குளத்தின் கிழக்குக் கரையில் மரநடுகை நடந்தது. கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது வடமாகாண சபை. அந்தச் சபை எங்களுக்கென்று செய்த காரியங்களில் நிலைத்து நின்றவற்றுள் இதுவும் ஒன்று. மழையை அறிந்து எடுத்த முடிவு. வடகீழ்ப் பருவமழையில் நிலம் ஊறியிருக்கும் அந்த மாதத்தில் வைத்த கன்றுக்குத் தை வரை யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மருது, புங்கு, நாவல், இலுப்பை, வேம்பு என்று 200 கன்றுகள் வந்தன. முதல் நாளே சனசமூக நிலையத்துப் பிள்ளைகள் அலவாங்கால் கல்லைப் பெயர்த்துக் குழி எடுத்திருந்தார்கள். சிலருடைய கை கொப்பளித்துவிட்டது. மறுநாள் அரசியல் பிரமுகர் ஒருவர் வந்தார், பதாகை கட்டியிருந்தது, நாதஸ்வரமும் ஒழுங்கு செய்திருந்தோம். அவர் ஒரு மருதங்கன்றை வைத்து, செம்பால் தண்ணீர் ஊற்றி, இந்தக் கரை இன்னும் பத்து வருடத்தில் சோலையாகும் என்று மனதார வாழ்த்திப் பேசினார். அவருடைய விருப்பத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில், பங்குனியில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற ஒரு வரி இருக்கவில்லை. அதை நாங்களும் கேட்கவில்லை.

மாசியில் ஈரம் போனது. பங்குனியில் கட்டாக்காலி மாடுகள் வந்தன. சித்திரையில் யாரோ குப்பைக்கு வைத்த தீ கரைப்புல்லில் பற்றியது. ஆவணியில் நான் போய் எண்ணியபோது 19 கன்றுகள் உயிரோடு இருந்தன. பிரமுகர் வைத்த மருது அவற்றுள் இல்லை. அந்தப் 19 இல் 14 கன்றுகள் ஒரே வரிசையில், குளக்கரையோடு ஒட்டிய ஒரு வளவின் படலைக்கு எதிரே நின்றன. அந்த வளவில் தனியாக வாழும் ஆச்சி, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் காலையும் மாலையும் ஒரு பழைய பெயின்ற் வாளியில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். கன்றைச் சுற்றிப் பனைமட்டையும் காவோலையும் குத்தி மாட்டுக்கு மறைப்பு வைத்திருந்தார். வாளியின் பிடி அறுந்திருந்ததால் சேலைத்தலைப்புக் கிழிசலால் கட்டியிருந்தார். ஏன் ஆச்சி எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "மரம் வைக்கிற நாளிலை எல்லாரும் வருவினம் மாஸ்ரர், தண்ணி ஊத்திற நாளிலை ஆரும் வாறேல்லை. நான் ஆரைக் கூப்பிடுறது?" என்றார். அந்த வார்த்தை என்னை இன்றுவரை உறுத்துகிறது. என் வீட்டிலிருந்து அந்தக் கரை பத்து நிமிட நடை.

எங்கள் கதை சிறியது. ஆனால் தீவு முழுவதும் நடந்ததும் அதுதான். 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு, கண்டல் மரங்கள் அலையின் வேகத்தைத் தணிக்கும் என்ற நம்பிக்கையில் கரையோரமெங்கும் கண்டல் நடுகை நடந்தது. பணம் வந்தது, தொண்டர்கள் வந்தார்கள். 2017 இல் வெளியான ஆய்வு ஒன்று அப்படியான 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டெயர் வரையிலான பரப்பில் நட முயன்றதில் 200 ஹெக்டெயரைச் சற்றுத் தாண்டிய பரப்பே தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நீர் வற்றாத சேற்றில், அந்த இடத்துக்கு உரியதல்லாத இனத்தை, எடுப்பதற்கு எளிது என்ற ஒரே காரணத்தால் நட்டிருக்கிறார்கள். நட்டபின் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் கடனீரேரிக் கரையில் வலை வீசும் எந்தத் தொழிலாளியைக் கேட்டிருந்தாலும், கண்ணா எந்த மட்டத்தில் நிற்கும், கண்டல் எந்த மட்டத்தில் நிற்கும், தில்லை எவ்வளவு மேட்டில் வரும் என்று காலால் தொட்டுக் காட்டியிருப்பார். இறாலும் நண்டும் எந்த வேருக்குள் ஒதுங்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அவர்களை நடுகைக்கு அழைத்தார்கள், கூலி கொடுத்தார்கள். ஆனால் எங்கே நடுவது என்று மட்டும் கேட்கவில்லை.

இந்தத் தோல்வியிலிருந்து நாடு கற்றுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2015 இல் தன் கண்டற் காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக அறிவித்த முதல் நாடு இலங்கை. அந்தத் திட்டத்தில் கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் கொடுத்து, பதிலாகத் தங்கள் கரையின் கண்டலைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் கேட்டார்கள். 2024 இல் ஐக்கிய நாடுகள் சபை, உலகின் முன்மாதிரி மீளமைப்பு முயற்சிகளுள் ஒன்றாக இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை அங்கீகரித்தது. நட்ட எண்ணிக்கையைவிட இடமும் நீரோட்டமும் முக்கியம் என்ற அறிவு அந்த முயற்சியில் சேர்ந்திருந்தது. நல்ல செய்தி, அது எங்கள் யாழ்ப்பாணத்துச் சரசாலைக் குருவிக்காட்டின் கரை வரையும் அராலிக் கரை வரையும் வந்து சேர வேண்டும்.

கன்று வைப்பதையும் மரம் வளர்வதையும் பிரித்து அறிந்த தலைவர் என்று நான் மதிப்பவர் கென்யாவின் வங்காரி மாத்தாய். 1977 இல் அவர் தொடங்கிய பசுமைப் பட்டி இயக்கத்தில், கிராமத்துப் பெண்கள் தாங்களே விதை சேர்த்து நாற்று வளர்த்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த சிறு தொகை, நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்து நின்ற கன்றுக்கே கிடைத்தது. இந்த ஒரு விதிக்குள் எவ்வளவு அனுபவம் இருக்கிறது என்று எங்கள் குளக்கரையைப் பார்த்தபின்தான் எனக்கு விளங்கியது. 1989 இல் நைரோபியின் நடுவில் இருந்த உஹுரு பூங்காவில் ஆளும் கட்சி ஓர் உயர்ந்த கட்டடம் எழுப்ப முனைந்தபோது தனியாளாக எழுதி எழுதி அதை நிறுத்தினார். கரூரா வனத்தைப் பங்கு போட்டவர்களை எதிர்த்துக் கன்றோடு போய் அடி வாங்கினார். 2004 இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. பின்னாளில் அதே நாட்டின் சனாதிபதி வில்லியம் ரூட்டோ 2032 ஆம் ஆண்டுக்குள் 1,500 கோடி மரம் நடுவோம் என்று அறிவித்து, 2023 நவம்பர் 13 ஆம் திகதியை மரநடுகைக்காகப் பொது விடுமுறையாக்கினார். ஒரு நாட்டையே ஒரு நாள் மண்ணில் கை வைக்கச் செய்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டின் நடுப்பகுதியில், 2018 முதல் நடைமுறையில் இருந்த மரம் வெட்டும் தடையை நீக்குவதாக அறிவித்தவரும் அவரே. மக்கள் இரண்டையும் பார்க்கிறார்கள். ஒரு தலைவருடைய மரநடுகையை அவருடைய மற்றக் கையெழுத்துகளோடு சேர்த்துத்தான் மக்கள் எடைபோடுகிறார்கள். எங்கள் ஊரிலும் அப்படியே.

எங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. கார்த்திகையை மரநடுகை மாதமாக்கிய மாகாண சபையே இன்று இல்லை. 2013 இல் தெரிவான முதலாவது சபையின் காலம் 2018 ஐப்பசியில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. அந்த மாதத்தில் வைத்த மரங்கள் எத்தனை நிற்கின்றன என்று கணக்குக் கேட்பதற்கு ஒரு சபையோ பதில் சொல்வதற்கு ஓர் அமைச்சரோ இல்லாமல், ஆண்டுதோறும் கன்று மட்டும் வருகிறது. ஐந்தாண்டுப் பதவிக்கும் மரத்தின் ஆயுளுக்கும் உள்ள இடைவெளி எல்லா நாட்டிலும் உண்டு. எங்களுக்கு அந்த ஐந்தாண்டும் இல்லை. பனையை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் பதுங்குகுழிக்கென்று தறிபட்ட பனைகளுக்குக் கணக்கே இல்லை. பனைவிதை நட்டால் அது முதலில் கீழ்நோக்கித்தான் போகும். மண்ணுக்குள் கிழங்கை இறக்கி வேர் ஊன்றிய பிறகே மேலே குருத்தைக் காட்டும். ஓரிடத்தில் முளைத்ததைப் பிடுங்கி இன்னோரிடத்தில் வைக்கவும் முடியாது. பாளை தள்ளப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகும். மூன்று தேர்தல்களுக்குப் பின் வரும் பலனுக்காக வாக்குக் கேட்க எவரும் துணிவதில்லை என்றால், அந்தத் துணிவை வாக்காளர்களாகிய நாங்கள்தான் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் தேர்தல் கூட்டம் நடந்தால் வீதியைக் கேட்கிறோம், விளக்கைக் கேட்கிறோம், மைதானத்துக்குச் சுற்றுமதில் கேட்கிறோம். 2025 வரை எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் மரத்தைக் கேட்டு நான் கேள்விப்படவில்லை. மக்களின் ஆதரவு இருக்கிறது என்று தலைவருக்கு எப்படித் தெரியும்?

அந்த ஆண்டு வைகாசியில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது நாங்கள் கேட்டோம். அதற்கு முன்பே 2023 கார்த்திகையில் இரண்டாம் முறை நட்டிருந்தோம். இம்முறை 40 கன்றுகள் மட்டும். மேடை இல்லை. கிளுவங் கதியாலும் பழைய முள்ளுக்கம்பியும் கொண்டு அடைத்தோம். ஒவ்வொரு கன்றையும் ஒரு குடும்பம் பொறுப்பெடுத்தது. சிலர் இறந்துபோன தங்கள் உறவினரின் நினைவாக எடுத்தார்கள். ஆச்சியின் பெயரில் ஒன்றும் எழுதவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கனடாவிலிருந்து ஒருவர் கோபுரத் திருப்பணிக்கு அனுப்பிய பணத்தோடு வேலிக் கம்பிக்கென்று கொஞ்சம் சேர்த்து அனுப்பியிருந்தார். கோயிலுக்கும் குளத்துக்கும் ஒரே கையால் கொடுத்த அந்த மனிதரை நான் நன்றியோடு நினைக்கிறேன். தேர்தல் கூட்டத்துக்கு வந்த எல்லா வேட்பாளர்களிடமும் சனசமூக நிலையத்தின் சார்பில் இரண்டே விடயம் கேட்டோம்: பங்குனி முதல் புரட்டாதி வரை கிழமைக்கு ஒருமுறை பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் குளக்கரைக்கு வர வேண்டும், கட்டாக்காலி மாடுகளைப் பிடிப்பதற்கான சபையின் ஏற்பாடு ஊரில் உண்மையாகவே நடக்க வேண்டும். தெரிவானவர் இளவயதுக்காரர். இரண்டாவது இன்னும் சரிவரவில்லை. மாட்டுக்காரர்களும் எங்கள் உறவினர்தானே என்ற சங்கடம் அவருக்கு. ஆனால் முதலாவதை ஆனியிலேயே செய்தார். ஆடி வெய்யிலில் பவுசர் பழுதாகிக் கிடந்தபோது, லாண்ட்மாஸ்ரர் என்ற சிறு உழவு இயந்திரத்தில் தாங்கியை ஏற்றிக்கொண்டு அவரே வந்து குழாயைப் பிடித்தார். படம் எடுக்க அன்று ஒருவரும் இருக்கவில்லை. அதைப் பார்த்த ஒழுங்கைக்காரர் மூவர் மறுவாரம் கேட்காமலே வாளியோடு வந்தார்கள். அவர்களில் ஒருவர், இதெல்லாம் கொஞ்ச நாள் கூத்து என்று முன்பு என்னிடம் சொன்னவர்.

40 இல் இப்போது 31 நிற்கின்றன. பழைய 19 இல் 16. மருதுகள் என் தோளுக்கு மேலே போய்விட்டன.

இனித்தான் கடினமான பகுதி. போன மாதம் நடந்த சனசமூக நிலையக் கூட்டத்தில் ஒரு மூத்தவர் எழுந்து, "உதெல்லாம் வளந்து காடான பிறகு ஒரு திணைக்களம் வந்து கல்லு நட்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. அவர் தேவையில்லாமல் பயப்படுகிறார் என்று சொல்ல என்னால் முடியவில்லை. வன்னியிலுள்ள என் உறவினரின் கிணறுதான் கண்ணுக்குள் வந்தது. குளக்கரை அரச காணி. ஆகவே அது ஊரின் பொது நிலமாகவே தொடரும் என்றும், அதிலுள்ள மரங்களைச் சனசமூக நிலையம் பராமரிக்கும் என்றும், உலர்ந்த விறகும் பழமும் இலையும் ஊராருக்கே உரியவை என்றும் எழுத்தில் பதிவுசெய்து தரும்படி பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கடிதத்தோடு மரங்களின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான குடும்பத்தின் பெயரும், குளத்தின் கைவரைபடம் ஒன்றும் இணைத்தோம். 63 குடும்பங்கள் கையொப்பம் இட்டிருக்கின்றன. அந்த மூத்தவர் கடைசியாக இட்டார். இடுவதற்கு முன் கடிதத்தை இரண்டு தரம் முழுவதுமாக வாசித்தார்.

பிரதேச சபை உறுப்பினர் அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கி வந்தார். பதில் இன்னும் வரவில்லை. கார்த்திகைக்கு ஆறு வாரம் இருக்கிறது. இறந்த கன்றுகளின் இடத்தில் 12 குழிகள் எடுத்துவிட்டோம். மேற்குக் கரையில் நடுவதற்குப் பனைவிதை பொறுக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பதில் வந்த பிறகு மேற்குக் கரையைத் தொடுவதா, அதற்கு முன்பே நடுவதா என்று வரும் ஞாயிறு கூடிப் பேசப்போகிறோம்.